லைசன்ஸ் ஆபீஸ் கவுண்டரில் நாம் யார்?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திறங்கிய எந்தத் தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தாலும், "சொந்த ஊர் எது?" என்று கேட்ட கையோடு நாம் கேட்கிற அடுத்த கேள்வி ஒன்று உண்டு. "லைசன்ஸ் எடுத்தாச்சா?"

சும்மா கேட்பதில்லை. நான் இருக்கும் டல்லாஸ் புறநகரில் பால் வாங்கணும்னாலும் கார் எடுக்கணும். பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் விட, டாக்டரைப் பார்க்க, வேலைக்குப் போக எல்லாவற்றுக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் அட்டைதான் சாவி. வங்கியிலும் விமான நிலையத்திலும் அடையாளமாக நீட்டுவதும் அதையேதான்.

அந்த அட்டையைக் கொடுக்கிற அலுவலகத்தைப் பற்றி நாம் பிறந்த நாள் விழாக்களில் மணிக்கணக்கில் புலம்புகிறோம். கேக் வெட்டியதும் புலம்பலும் முடிந்துவிடும். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

<b>ஐந்து வாரம்</b>

டெக்சாஸ் வருவதற்கு முன் வேறொரு மாநிலத்தில் இருந்தோம். பெயர் வேண்டாம். நான் எச்-4 விசாவில் இருந்தேன். வீட்டுக்காரரின் விசா நீட்டிப்பு தாமதமாக வந்ததால் என் லைசன்ஸும் காலாவதியாகிவிட்டது. விசாவின் தேதி எதுவோ அதுவே லைசன்ஸின் தேதி. இது நம்மில் பலருக்கும் தெரிந்த கதை.

ஒப்புதல் வந்த மறுநாளே லைசன்ஸ் ஆபீசுக்குப் போனேன். முதல் கவுண்டரில், "உங்க கணவரோட ஐ-797 பேப்பரும் வேணும்" என்றார்கள். இரண்டாவது முறை அதையும் கொண்டுபோனேன். அன்றைக்கு இருந்தவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "உங்க பெயரில் முகவரிச் சான்று எங்கே?" என்றார். எச்-4 மனைவியின் பெயரில் எந்த வீட்டில் கரண்ட் பில் வரும்? வங்கியில் போய் என் பெயரைச் சேர்த்து, ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொண்டு மூன்றாவது முறை போனேன். "சிஸ்டத்தில் சரிபார்ப்பு முடியலை, லெட்டர் வரும்" என்றார்கள். லெட்டர் வரவில்லை. நான்காவது முறை வேறொரு பெண்மணி, அதே காகிதங்களை வாங்கிப் பார்த்து, பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார். "ஹேவ் எ நைஸ் டே" வேறு.

இடையில் ஐந்து வாரம். அதில் ஒரு நாள் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். காய்ச்சல் 103-ஐத் தாண்டிவிட்டது, உடனே வந்து கூட்டிக்கொண்டு போங்க என்றார்கள். வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூரில். பக்கத்து வீட்டில் பூட்டு. டாக்ஸி செயலியில் நாற்பது நிமிஷம் என்று காட்டியது. கார் கராஜில் நிற்கிறது.

ஓட்டிக்கொண்டுதான் போனேன். நாலு மைல். செய்தது தப்பு என்று அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். ஆனால் அந்த நாலு மைலில், பின்னால் வந்த ஒவ்வொரு காரும் போலீஸ் கார் மாதிரியே தெரிந்தது. விசாவில் இருப்பவருக்குப் போலீஸ் நிறுத்தினால் அபராதத்தோடு போகுமா, அடுத்த விசா நேர்காணல் வரை வருமா என்ற பயமும் கூடவே வந்தது.

என்னிடம் எல்லாத் தகுதியும் இருந்தது. காகிதமும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. ஏன் மறுக்கிறார்கள் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அது இருந்திருந்தால் இரண்டாவது முறையே வேலை முடிந்திருக்கும். ஒரே சட்டத்துக்குக் கவுண்டருக்கு ஒரு விளக்கம் என்றால் சாமானியர் என்ன செய்வார்?

<b>போலீஸ் கூரையின் கீழ் லைசன்ஸ்</b>

டெக்சாஸ் வந்தபோது முதல் குழப்பம் பெயரில். பல மாநிலங்களில் லைசன்ஸ் என்றால் டி.எம்.வி. இங்கேயும் டி.எம்.வி. உண்டு, ஆனால் அது வண்டிப் பதிவுக்கும் உரிமைப் பத்திரத்துக்கும்தான். ஓட்டுநர் உரிமம் கொடுப்பது டி.பி.எஸ். எனும் பொதுப் பாதுகாப்புத் துறை. 1935-ல் உருவான இந்தத் துறையின் கீழ்தான் நெடுஞ்சாலைப் போலீசும், புகழ்பெற்ற டெக்சாஸ் ரேஞ்சர்களும் இருக்கிறார்கள். அதாவது, உங்கள் காரை நிறுத்திக் கேள்வி கேட்கிற துறையும், உங்களுக்கு லைசன்ஸ் கொடுக்கிற துறையும் ஒன்றே.

இது நம் ஆட்களின் மனதில் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் வாழ்வதையே கௌரவமாக நினைத்து வளர்ந்தவர்கள் நாம். சந்தேகம் கேட்கத் தயங்குகிறோம். புகார் என்றால் மூச்சே விடுவதில்லை. "எதுக்கு வம்பு? விசாவில் இருக்கோம், பேர் எங்கேயாவது பதிவாகிடும்" என்று என்னிடமே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

<b>1999-ன் ஒரு சட்டம்</b>

ஆனால் இந்த மாநிலத்திலேயே ஒரு சட்டம் இருக்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1999-ல் டெக்சாஸ் சட்டமன்றம் கொண்டுவந்தது. அரசுச் சட்டத் தொகுப்பில் 2114-ஆம் அத்தியாயம். மாநில அரசுத் துறைகள் தங்கள் வாடிக்கையாளர்கள் யார் யார் என்று பட்டியல் போட வேண்டும். சேவை எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கருத்துக் கேட்க வேண்டும். எதையெதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது: அலுவலக வசதி, ஊழியர்கள், தகவல் தொடர்பு, இணையதளம், புகார்களைக் கையாளும் முறை, உரிய நேரத்தில் சேவை, அச்சிட்ட தகவல்கள். இரட்டைப்படை வருஷம் வந்தால் ஜூன் 1-க்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் தொடர்புக்கென ஒருவரை நியமிக்க வேண்டும். "காம்பாக்ட் வித் டெக்ஸன்ஸ்" என்ற பெயரில், மக்களுக்குத் தாங்கள் தரும் வாக்குறுதியை எழுதி வெளியிட வேண்டும்.

நம்ம ஊரில் இதற்குக் குடிமக்கள் சாசனம் என்று பெயர். பிரிட்டனில் 1991-ல் ஜான் மேஜர் தொடங்கி வைத்தார். இந்தியாவுக்கு 1997-ல் வந்தது. தாலுகா ஆபீஸ் சுவரில் எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நாள் என்று எழுதிய போர்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்கத்திலேயே புரோக்கர் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். போர்டு மட்டும் போதாது என்று புரிந்துதான் 2010-ல் மத்தியப் பிரதேசம் சேவை உரிமைச் சட்டமே போட்டது. தாமதித்த அதிகாரிக்கு நாளுக்கு இவ்வளவு என்று அபராதம். டெக்சாஸ் சட்டத்தின் பலம் அப்படிப்பட்டதல்ல. அது அறிக்கையின் பலம். அறிக்கையில் உங்கள் குரல் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

<b>வரிசை எங்கே போனது?</b>

டெக்சாஸ் லைசன்ஸ் ஆபீஸ் வரிசை ஒரு காலத்தில் பேர் போனது. விடியற்காலையில் மடக்கு நாற்காலியோடு போய் வாசலில் உட்கார்ந்த கதைகளை இங்கே பழையவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரசுத் துறைகளை ஆய்வு செய்யும் சன்செட் ஆணையத்தின் 2018 ஆய்வில், லைசன்ஸ் பணியையே டி.எம்.வி.க்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை வந்தது. 2019-ல் சட்டமன்றம் 20 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. புதிய ஊழியர்கள் சேர்க்கப்பட்டார்கள். 2020-ல் கொரோனாவுக்குப் பிறகு திறந்தபோது, ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டு வரும் முறை வந்தது. பணி மட்டும் டி.பி.எஸ்.ஸிலேயே இருக்கிறது.

மாற்றம் நிஜம்தான், பாராட்ட வேண்டியதுதான். நான் லைசன்ஸ் புதுப்பிக்கப் போன நாளில் குறித்த நேரத்துக்குக் கூப்பிட்டார்கள், மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் அந்த நேரம் கிடைக்க, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு ஓட்டிப் போனேன். "பெரிய ஊரில் தேடாதீங்க, தள்ளிப் போய்ப் பாருங்க" என்பது நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தங்க யோசனை. அரை நாள் லீவும் காரும் உள்ளவருக்கு அது யோசனை. மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு?

வரிசை மறைந்துவிடவில்லை. வாசலிலிருந்து எழுந்து காலண்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகவே, உள்ளே வந்தவர் எத்தனை நிமிஷம் காத்திருந்தார் என்று மட்டும் அளந்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். முன்பதிவு கிடைக்க எத்தனை நாள், ஒரே வேலைக்கு எத்தனை முறை வரவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து அளந்தால்தான் அது முழுக் கணக்கு.

<b>33 டாலர் கணக்கு</b>

இந்தக் கணக்கில் நாம் எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள். ஓர் அமெரிக்கக் குடிமகனுக்கு டெக்சாஸ் லைசன்ஸ் 8 வருஷம் செல்லும். கட்டணம் 33 டாலர். ஒரு முறை நேரில் வந்தால் அடுத்த முறை ஆன்லைனில் புதுப்பிக்கலாம். ஆக, 16 வருஷத்தில் ஒரு முறை கவுண்டரைப் பார்த்தால் போதும்.

எச்-1பி குடும்பத்துக்கு? விசா நீட்டிப்பு மூன்று வருஷம் என்றால் லைசன்ஸும் மூன்று வருஷம். ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம். ஒவ்வொரு முறையும் அதே 33 டாலர், அதே நேரில் வருகை, அதே சரிபார்ப்பு. கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் எத்தனை வருஷம் நிற்கிறோம் என்பது தெரிந்ததே. அதே 16 வருஷத்தில் கணவன், மனைவி இருவரும் தலைக்கு ஐந்து முறையாவது அந்தக் கவுண்டருக்கு வந்து போவோம்.

சுருக்கமாகச் சொன்னால், அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர் நாம்தான். ஆனால் வாய் திறக்காத வாடிக்கையாளர். மளிகைக் கடையில் பருப்பு சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். லைசன்ஸுக்கு அடுத்த கடை கிடையாது. போட்டி இல்லாத இடத்தில்தான் எழுதி வைத்த சேவைத் தரம் அதிகம் தேவைப்படுகிறது.

<b>கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை</b>

"பாதுகாப்புத் துறை கண்டிப்பாகத்தானே இருக்கும்? செப்டம்பர் 11-க்குப் பிறகு காலம் மாறிவிட்டது" என்று என் நண்பர் ஒருவர் வாதிடுவார். அதில் நியாயம் இருக்கிறது. 2005-ல் ரியல் ஐடி சட்டம் வந்ததே அதனால்தான். போலி ஆவணத்தில் லைசன்ஸ் கொடுத்தால் ஆபத்து எல்லோருக்கும். குடியேற்றத் தகுதியைச் சரிபார்க்கும் சேவ் எனும் கணினி முறை மத்திய அரசினுடையது. அது தாமதமானால் கவுண்டரில் இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. நாள் முழுக்க எரிச்சலான முகங்களைப் பார்த்துக்கொண்டே பத்து விதமான விசா காகிதங்களைப் பிரித்துப் படிப்பது லேசான வேலையும் இல்லை.

ஆனால் கண்டிப்பு வேறு, நிச்சயமின்மை வேறு. மூன்று காகிதம் வேண்டும் என்றால் மூன்றையும் முதல் நாளே கேட்பது கண்டிப்பு. நாளுக்கு ஒன்றாகக் கேட்பது நிச்சயமின்மை. அதனால் பாதுகாப்பும் கூடுவதில்லை. என்னை மாதிரி ஒழுங்காக ஓட்டத் தெரிந்த ஒருத்தி லைசன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறங்குகிறாள். அது எந்த வகையில் பொதுப் பாதுகாப்பு?

நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. மறுத்தால், எந்த ஆவணம் குறைகிறது என்று எழுதிக் கொடுங்கள். விசா வகைக்கு ஒரு பக்கம் என்று தெளிவான பட்டியல் போட்டு, எல்லாக் கவுண்டரிலும் அதையே பின்பற்றுங்கள். கருத்துக் கேட்கும்போது, வேலை முடிந்து சிரித்துக்கொண்டே போனவரை மட்டுமல்லாமல், வெறுங்கையோடு திரும்பியவரையும் கேளுங்கள்.

<b>நம் பங்கு</b>

இனி நம் பக்கம். விசா நீட்டிப்பு மனு போட்ட அன்றே லைசன்ஸ் தேதியையும் நாட்குறிப்பில் எழுதுங்கள். முன்பதிவை ஆறு மாதம் வரை முன்கூட்டியே செய்ய முடியும். மறுத்தால் சண்டை போடாதீர்கள். "எந்த விதிப்படி, என்ன ஆவணம் குறையுது, தயவுசெஞ்சு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். தேதியையும் சொன்ன பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள். சேவ் சரிபார்ப்பு என்று சொன்னால் வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதன் நிலையை இணையத்தில் நீங்களே பார்க்கலாம். கருத்துக் கணிப்பு வந்தால் குப்பையில் போடாமல் நிரப்புங்கள். நல்ல சேவை கிடைத்தால் அதையும் எழுதுங்கள். அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துக் கொடுத்த அந்தப் பெண்மணிக்கு நான் ஒரு வரி நன்றி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என்னைத் திருப்பி அனுப்பியவர்களைப் பற்றியும் எழுதவில்லை. இரண்டுமே என் தவறு.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் பிடிக்கிற நாம், வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை லைசன்ஸ் ஆவண முகாம் நடத்தக் கூடாதா? புதிதாக வந்த எச்-4 சகோதரிகளுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அன்று காய்ச்சலோடு பின் சீட்டில் படுத்திருந்த என் மகளுக்கு இப்போது 15 வயது. லேர்னர் லைசன்ஸுக்கு அடுத்த மாதம் கூட்டிப் போக வேண்டும். அவள் இந்த நாட்டுக் குடிமகள். காகிதங்களைக் கட்டுக்கட்டாகச் சுமக்க வேண்டியதில்லை. "கவுண்டரில் ஏதாவது கேட்டா பயமா இருக்கும்மா" என்றாள் நேற்று. எங்கே கற்றுக்கொண்டாள் அந்தப் பயத்தை? என்னிடமிருந்துதான்.

இந்த முறை அவளுடைய கோப்பில் காகிதங்களோடு ஒரு பேனாவும் வைத்திருக்கிறேன். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும், வெளியே வந்ததும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கருத்தை எழுதிவிட்டுத்தான் காரை எடுப்போம்.