ஆரணியாறு எத்தனை லிட்டர் தாங்கும்?



பொன்னேரியைத் தொட்டுச் செல்லும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது அது. இறாலும் மடவையும் நண்டும் பிடித்து வாழும் குடும்பங்கள் அந்த நீரையே நம்பியிருக்கின்றன. “ஊர்க் கழிவுநீரை ஆற்றில் விட்டால் என்ன? ஆறே அதைத் தூய்மையாக்கிக் கொள்ளாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

30 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நல்ல நீரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். மீன்கள் நலமாக வாழ 4 மில்லிகிராமாவது வேண்டும். எனவே ஆறு செலவிடக்கூடியது 3.5 மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் கழிவுநீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. வகுத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் கழிவுநீருக்கு 70 லிட்டர் ஆற்றுநீர்! ஒருவர் நாளொன்றுக்கு 100 லிட்டர் கழிவுநீரை வெளியேற்றினால், அவருக்கு மட்டும் 7,000 லிட்டர். காற்றிலிருந்து ஆறு மீண்டும் ஆக்சிஜனைப் பெறும் என்பது உண்மையே. ஆனால் தேங்கிய நீரில் அது மெதுவாகவே நிகழும். கோடையில் மணல் தெரியும் ஆற்றில் இவ்வளவு நீருக்கு எங்கே போவது?

சுத்திகரிப்பு நிலையம் இந்தக் கடனை ஆற்றின் தலையில் ஏற்றாமல் தானே அடைத்துவிடுகிறது. முதலில் சல்லடை குப்பையைத் தடுக்கும். அடுத்து மணல் படியும். துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது கீழிறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகும் என்பது ஸ்டோக்ஸ் விதி. ஆகவே நுண்ணிய அழுக்கு தானாகப் படியாது. காற்றூட்டத் தொட்டியில் நுண்ணுயிரிகள் அதை உண்டு, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகின்றன. திரள் பெரிதானதும் எளிதில் படிந்துவிடுகிறது. இம்முறையை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர். நன்கு இயங்கும் நிலையத்தில் 250 என்பது 20க்கும் கீழே இறங்கும். 70 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் 6 லிட்டர் போதும்.

“செலவு அதிகம், மின்சாரம் வேண்டும்” என்பார்கள். காற்றூட்ட மின்சாரம் தேவைதான். ஆனால் கசடிலிருந்து கிடைக்கும் மீத்தேன் வாயுவால் சென்னை நிலையங்களில் மின்சாரம் எடுக்கிறார்கள். கொடுங்கையூரில் கழிவுநீரை மேலும் தூய்மைப்படுத்தித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையம் 2019இல் தொடங்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். அந்த அளவு நல்ல நீர் மிச்சமாகிறதே!

ஒன்றை மறக்கக்கூடாது. நகராட்சி நிலையத்தின் உழைப்பாளிகள் நுண்ணுயிரிகளே. தொழிற்சாலையின் அமிலமும் உலோக நஞ்சும் வந்தால் அவை மடிந்துபோகும். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளின் கழிவை அங்கேயே தனியாகச் சுத்திகரிக்க வேண்டும்.

பொன்னேரி 2021இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டது. குடிநீர்த் தொட்டியைப் போலவே சுத்திகரிப்பு நிலையமும் ஒரு நகரத்தின் அடிப்படைத் தேவை என்பது என் கருத்து. நிலையம் இருந்தால் மட்டும் போதாது. வீடுகள் அதனுடன் இணைய வேண்டும், அது நாள்தோறும் ஓட வேண்டும்.

அடுத்த விடுமுறையில் உங்கள் தெருக் கழிவுநீர் எங்கே போய் முடிகிறது என்று விசாரித்துப் பாருங்கள். விடை “ஆறு” அல்லது “ஏரி” என்றால், இந்தக் கணக்கைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.