வாளி போதாது, குழாய் வேண்டும்

மாண்புமிகு டிஜிட்டல் அமைச்சர் அவர்களுக்கு,



எங்கள் ஊரான கோப்பெங்கின் ஈயச் சுரங்கங்களில் அந்நாளில் மலையாற்று நீரைக் குழாய்வழி இறக்கி, அதன் வேகத்தாலேயே மண்மேட்டைக் கரைத்தார்கள். வாளியில் சுமந்திருந்தால் ஒரு மேடும் கரைந்திராது. நான் இன்று வாளிதான் சுமக்கிறேன்.

நான் பராமரிப்பது இணையத்தோடு சேராத ஓர் உள்வலை. பாதுகாப்புக்காகப் பிரித்து வைத்தது சரிதான். ஆனால் அதிலுள்ள லினக்ஸ் கணினிகளுக்கும் திருத்தங்கள் வேண்டுமே! மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கோடு ஈப்போ போய் இறக்கி வருகிறேன். டெபியன் 12 என்னும் லினக்ஸ் பதிப்பில் மட்டும் 64,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள். பழைய பட்டியலைக் காட்டி யாரும் ஏமாற்றாதிருக்க, டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியப் பட்டியல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் காலாவதியாகும். மாதம் ஒருமுறை போகிறவனுக்கு அது பெரும்பாலும் காலாவதிதான். வேறு வழியின்றி அந்தக் காலாவதிச் சோதனையையே அணைத்து வைத்திருக்கிறேன்.

தாமதத்தின் விலையை வன்னாகிரை என்ற பணயத் தீநிரல் காட்டியது: 2017 மார்ச் 14இல் மைக்ரோசாப்ட் திருத்தம் தந்தும், அதைப் போடாத கணினிகள் மே 12இல் முடங்கின; பிரிட்டிஷ் மருத்துவமனைகளும் தப்பவில்லை. அவசரத்துக்கும் விலை உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று அகப்பட்டது. டெபியனின் சோதனைக் கிளைவரை வந்துவிட்ட அது, நிலையான பதிப்பை எட்டவில்லை. ஆகவே பாதுகாப்புத் திருத்தம் உடனே வரவேண்டும். புதுப் பதிப்பு வாசலில் காத்திருக்கவேண்டும். இந்தத் தரம்பிரிப்பைத் தனியாள் ஒருவர் செய்ய முடியாது.

2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பிலுள்ள மலேசிய இணையப் பாதுகாப்புச் சட்டம் 11 துறைகளை முக்கியமானவை என்கிறது. நீர், சுகாதாரம், தோட்டத்துறை எல்லாம் அதில் அடக்கம். ஆண்டுதோறும் இடர் மதிப்பீடு, ஈராண்டுக்கொரு தணிக்கை கேட்கிறது. கேட்கட்டும். திருத்தம் வந்துசேரப் பாதையும் போட்டுத் தாருங்கள்.

தேசிய அளவில் ஒரு மிரர் (நகல்) களஞ்சியம். அதிலிருந்து தினமும் நகலெடுக்கும் கிளை ஒவ்வொரு மாநிலத்திலும், எங்களுக்கு ஈப்போவில். பொதிகள் முதலில் வரட்டும், பட்டியல் பிறகு. முறை மாறினால் இல்லாத பொதியைத் தேடிக் கணினிகள் தடுமாறும். பிழை நேர்ந்தால் பின்னே போக ஒவ்வொரு நாளின் நிலையும் பதிவாகியிருக்கட்டும். மாறாத பொதியை மறுபடி சேமிக்கத் தேவையில்லை என்பதால் இடம் அதிகம் பிடிக்காது. பைத்தான் நிரல்மொழியின் பொதிக் களஞ்சியத்தை முழுதாக நகலெடுப்பது வீண். தேவையானவற்றைப் பட்டியலிட்டு எடுத்தால் போதும். கிளையிலிருந்து உள்வலைக்கு, உள்ளே மட்டும் விடும் டேட்டா டயோடு. டெபியன் பொதிகளுக்கு அதன் கையொப்பமே சாட்சி என்பதால், இடையிலிருப்பவரை யாரும் கண்மூடி நம்பவேண்டியதில்லை.

இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பல்ல. பொறுப்பேற்க ஓர் அலுவலகமும், தினமும் கவனிக்க ஆட்களும் வேண்டும், அவ்வளவுதான். கொடுங்கள், அணைத்து வைத்த சோதனையை அன்றே இயக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோப்பெங்வாசி ஒருவன்