கணக்கைச் சரிபார்க்கும் உரிமை

2010ஆம் ஆண்டில் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்னும் இரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பொருளாதார வளர்ச்சி சரிந்துவிடும் என்பது அதன் சாரம். 2008 நெருக்கடியின் சுமையை உழைக்கும் மக்களின் தோளில் ஏற்றிவிட்ட ஆட்சியாளர்களுக்கு அக்கட்டுரை கைகொடுத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிக்கன நடவடிக்கைகளை நியாயப்படுத்தியோர் அதை ஓயாது மேற்கோள் காட்டினர்.

2013ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், பாடப் பயிற்சியின் பகுதியாக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். அதே விடை வரவில்லை. கட்டுரையாளர்களிடமே கணக்குத் தாளைக் கேட்டுப் பெற்றபோது உண்மை வெளிப்பட்டது. எக்செல் தாளில் சராசரி காணும் சூத்திரம் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. வேறு சில விவரங்களும் விடுபட்டிருந்தன. சராசரி கண்ட முறையும் கேள்விக்குரியது. அனைத்தையும் திருத்தியபோது, அதிகக் கடன் கொண்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் அன்று, 2.2 சதவீதம் என்று தெரிந்தது. தம் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் ஆகியோருடன் அவர் இதை வெளியிட்டார். அந்தக் கணக்கு 'ஆர்' என்னும் திறந்த மூல நிரல்மொழியில் எழுதப்பட்டு, எவரும் சோதிக்கும் வகையில் பொதுவில் வைக்கப்பட்டது.

எக்செல் தாளில் சூத்திரம் கட்டத்துக்குள் மறைந்திருக்கும். பிழையும் அதனுடன் மறைந்திருக்கும். நிரலிலோ ஒவ்வொரு படியும் ஒரு வரியாகக் கண்முன் நிற்கும். எந்த விவரம் சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்பதை எவரும் படித்தறியலாம். மீண்டும் இயக்கிப் பார்க்கலாம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இரு ஆசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது ஆர். 1995இல் அதைப் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் நிபந்தனை. நெதர்லாந்தின் கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியும் இவ்வாறே உலகெங்கும் உள்ள நிரலாளர்களின் கூட்டுழைப்பில் வளர்ந்தது. சாஸ், ஸ்டேட்டா போன்ற வணிக மென்பொருள்கள் கட்டணம் பெற்றுச் செய்யும் பணிகளில் பெரும்பாலானவற்றை இவை கட்டணமின்றிச் செய்கின்றன.

பொதுச்சொத்து இருக்குமிடத்தில் அதை வேலியிட மூலதனம் முனைவதும் இயல்பே. நிரலாளர்கள் தம் உழைப்பைச் சேர்த்துவைக்கும் கிட்ஹப் தளத்தை 2018இல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாப்ட் வாங்கியது. பைத்தான் கருவிகளைத் தொகுத்தளிக்கும் அனகோண்டா நிறுவனம் 2020இல் விதிகளை மாற்றி, பெரிய வணிக நிறுவனங்களிடம் கட்டணம் கோரியது. ஆயினும் மொழிகள் இன்னும் பொதுவில்தான் உள்ளன.

இக்கருவிகளால் இந்திய உழைப்பாளி மக்களுக்கு என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒன்றிய அரசின் தொழிலாளர் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24இல் 41.7 சதவீதமாக உயர்ந்துள்ளது. இதை ஆட்சியாளர்கள் சாதனையாகப் பறைசாற்றுகின்றனர். ஆனால் குடும்பத்தின் நிலத்திலோ கடையிலோ ஊதியமின்றி உதவும் பெண்ணும் இந்த ஆய்வில் வேலையில் உள்ளவராகவே கணக்கிடப்படுகிறார். உயர்வில் கூலி பெறும் வேலை எவ்வளவு, ஊதியமற்ற உழைப்பு எவ்வளவு? எந்த மாநிலத்தில், எந்த வயதினரிடம், எந்தச் சமூகப் பிரிவினரிடம்? இந்த ஆய்வின் குடும்பவாரியான மூலத் தரவு, பெயர் முதலிய அடையாளங்கள் நீக்கப்பட்டு, கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆரும் பைத்தானும் கற்ற ஒருவர் இவ்வினாக்களுக்குத் தாமே விடை காணலாம். அரசு அச்சிட்ட அட்டவணையோடு நின்றுவிட வேண்டியதில்லை.

தரவே பூட்டப்பட்டால் கருவியால் பயனில்லை. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று ஒன்றிய அரசு 2019 நவம்பரில் அறிவித்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. எனவே தரவைத் திறக்கக் கோரும் போராட்டமும் திறந்த தரவைப் படிக்கும் பயிற்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இங்கே குறுக்கே நிற்பது மொழி. புதிய பதிப்புகளைப் பற்றிய செய்திகளும் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பாடங்களைத் தமிழில் தந்துவருவது பாராட்டுக்குரியது. இம்முயற்சிகள் பெருக வேண்டும். பாடங்களின் எடுத்துக்காட்டுகளும் மாற வேண்டும். பூவிதழின் நீள அகலத்தை அளக்கும் பயிற்சிக்குப் பதிலாக, ஊரக வேலை நாட்களையும் ஒப்பந்தத் தொழிலாளர் கூலியையும் கொண்டு பாடம் எழுதலாம்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும் காலத்தில் இதைக் கற்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். எழுதித் தரட்டும், ஆனால் நிரலைப் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு விடுபட்ட ஐந்து நாடுகள் தென்படமாட்டா.

இது இடதுசாரி இயக்கத்துக்குப் புதிய பணியும் அன்று. 1899இல் வெளியான 'ருஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி' நூலை லெனின் எழுதியது ஜெம்ஸ்த்வோ என்னும் உள்ளாட்சி அமைப்புகள் திரட்டிய புள்ளிவிவரங்களை வரிவரியாக ஆராய்ந்துதான். பணக்கார விவசாயியையும் ஏழை விவசாயியையும் ஒன்றாகக் கூட்டி வகுக்கும் சராசரி வர்க்க வேறுபாட்டை மறைக்கிறது என்பதை அவர் அதில் தெளிவாக்கினார். சிறையிலும் சைபீரிய நாடுகடத்தலிலும் இருந்தபடி அவர் செய்த பணியை இன்று ஒரு சாதாரண மடிக்கணினியில் தொடரலாம். மாவட்டத்துக்கு இரண்டு மூன்று இளம் தோழர்களேனும் இதைக் கற்று, கற்றதைத் தமிழில் எழுதிப் பிறருக்குப் பயிற்றுவிக்க வேண்டும். அரசியல் பொருளாதாரம் பயிலும் கட்சி வகுப்பில் இதற்கும் சில மணி நேரம் ஒதுக்குவது காலத்தின் தேவை.