மொட்டைக் கடுதாசியின் நியாயம்

மொட்டைக் கடுதாசி என்றால் நம்ம ஊரில் கேவலம். ‘பேரைப் போட்டு எழுதத் தைரியமில்லாத பய’ என்பார்கள். இப்படிச் சொல்கிறவன் யார் என்று முதலில் பார்க்கணும். அவன் பேரைச் சொன்னால் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். நம் பேரைச் சொன்னால் ‘சொந்த ஊரு எது, அதில எந்தத் தெரு’ என்று அடுத்த கேள்வி வருகிறது. டவுணில் ரதவீதிகளைச் சுற்றி வாடகைக்கு வீடு கேட்டு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பேர் அவனுக்குச் சொத்து. நமக்கு வாக்குமூலம்.

1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ முதல் இதழ் வந்தபோது ஆசிரியர் என்று இருந்தது பாண்டுரங் நந்தராம் பட்கரின் பேர். அண்ணல் அம்பேத்கர் அப்போது பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர், அரசு உத்தியோகம். இயக்கியது அவர், பேர் இன்னொருவருடையது. அவரைக் கோழை என்று சொல்ல எவனுக்காவது வாய் வருமா? அச்சிட்டவன் பேரும் வெளியிட்டவன் பேரும் இல்லாமல் எதுவும் வெளிவரக் கூடாது என்று 1867-இல் சட்டம் போட்டவன் வெள்ளைக்காரன். சிறுபத்திரிகைக்காரர்கள் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அட்டையில் போட்டுக்கொண்டது அழகுக்காகவா? (நானும் இந்தப் பக்கத்தில் சொந்தப் பேரில் எழுதவில்லை. வங்கியின் நடத்தை விதிகள் அப்படி.)

விஷயத்துக்கு வருகிறேன். 2023 மே மாதத் தொடக்கத்தில் ஒன்றிய அரசு 14 செய்திப் பரிமாற்றச் செயலிகளை முடக்கிய செய்தி வந்தது. பிரையர், எலிமென்ட், த்ரீமா, விக்கர் மீ எல்லாம் அதில் அடக்கம். காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்தினார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். எலிமென்ட்டுக்கு அடியில் இருக்கிற மேட்ரிக்ஸ் முறையை வைத்துத்தான் பிரெஞ்சு அரசாங்கம் தன் அதிகாரிகளுக்குச் சொந்தமாக ஒரு செயலி செய்து வைத்திருக்கிறது. ஜெர்மன் ராணுவமும் அப்படியே. சிப்பாய் ரகசியம் பேசினால் தேசப் பாதுகாப்பு, சேரிக்காரன் பேசினால் தேசத்துரோகம். கேரளத்தில் கட்டற்ற மென்பொருள் தோழர்கள் இந்தத் தடையை எதிர்த்து உயர்நீதிமன்றம் போனார்கள். இங்கே நாம் ஒரு துண்டறிக்கைகூடப் போடவில்லை.

பிரையர் என்ன செய்யும்? அதற்கு போன் நம்பர் வேண்டாம், நடுவில் கம்பெனிக் கணினி வேண்டாம். இணையம் இருந்தால் டோர் வலை வழியாகப் போகும். இல்லாவிட்டால் பக்கத்துப் போனுக்கு புளூடூத்திலோ வைஃபையிலோ தாவும். 2018 மே 22 தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தைத் துண்டிக்க அரசு உத்தரவு போட்டது. யார் செத்தார், யாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று தெரியாமல் ஜனங்கள் பதறிக்கொண்டிருந்த நேரம் அது. இணையம் இல்லாமலே பேச ஒரு வழி இருக்கிறது என்று அன்றைக்கு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 5 வருஷம் கழித்து அந்த வழியையும் அடைத்தார்கள்.

டோர் என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஒரு உறைக்குள் இன்னொரு உறை, அதற்குள் இன்னொன்று என்று மூன்று பேர் கை மாற்றிக் கடிதம் அனுப்புவது போல. முதல் ஆளுக்குக் கொடுத்தவனைத் தெரியும், போய்ச்சேரும் இடம் தெரியாது. கடைசி ஆளுக்கு இடம் தெரியும், கொடுத்தவனைத் தெரியாது. இந்த வலைமேல் 2007-இல் டோர்சாட் என்று ஒன்று வந்தது. கணினியில் நிறுவ வேண்டியதே இல்லை. பென் டிரைவில் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளலாம், எந்தக் கணினியிலும் சொருகிப் பேசிவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகலாம். அது இன்று செத்துவிட்டது. அது நம்பியிருந்த பழைய 16 எழுத்து முகவரிகளை 2021-இல் டோர் வலையே கைவிட்டது. அதே வேலையைச் செய்ய ரிக்கொஷே என்று ஒன்று வந்து, இப்போது ‘ரிக்கொஷே ரெஃப்ரெஷ்’ என்று புதுப்பித்திருக்கிறார்கள்.

பையில் வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன். சொந்தக் கணினி இருக்கிறவனுக்கு இதன் அருமை தெரியாது. ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரே மடிக்கணினியை நாலு பேர் வைத்துப் படிக்கிற மாணவனுக்கு, பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காருகிறவனுக்குத் தெரியும். 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகள்படி அடையாள அட்டை காட்டித்தான் உட்காரணும். யார் வந்தான், என்ன பார்த்தான் என்று கடைக்காரன் ஒரு வருஷம் பதிவு வைத்திருக்கணும். வீட்டில் கணினி இருக்கிற பிள்ளைக்கு இந்த ரெஜிஸ்தர் உண்டா?

‘என்ன வே, மறைக்கதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?’ என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். நான் வேலையில் சேர்ந்த அன்று வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் கவுண்டரில் தட்டுகிற ஒவ்வொரு எண்ணும் பூட்டுப் போட்டுத்தான் கம்பியில் போகிறது. பணம் ரகசியமாகப் போகலாம், பேச்சு ரகசியமாகப் போகக் கூடாது என்பது என்ன நியாயம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னார்கள். அடுத்த வருஷமே, 2018 டிசம்பர் 20, எந்தக் கணினியையும் ஒட்டுக்கேட்கவும் பூட்டை உடைக்கவும் 10 அமைப்புகளுக்கு உள்துறை அதிகாரம் கொடுத்தது. பூட்டைத் திறந்து கொடுக்க மறுத்தால் 7 வருஷம் வரை சிறை. 2021 பிப்ரவரி விதிகளோ, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவன் யார் என்று செயலிக்காரன் காட்டிக்கொடுக்கணும் என்கின்றன. இதற்கான தொழில்நுட்ப யோசனை 2019-இலேயே சென்னை உயர்நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. வைத்தவர் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. பிறகு அந்த ஐஐடிக்கே இயக்குநரானார்.

இப்போது கஷ்டமான கேள்வி. சாதிவெறிக் கும்பலும் இதே பூட்டைப் போட்டுக்கொள்ளாதா? போட்டுக்கொள்ளும். ஆனால் தென்மாவட்டங்களில் நடப்பது என்ன? அரிவாளோடு போட்டோ, சாதிப் பேரோடு பாட்டு, ஸ்டேட்டஸில் மிரட்டல். அவன் முகத்தைக் காட்டித்தான் மிரட்டுகிறான். முகம்தான் அவனுக்கு ஆயுதம். மறைவு தேவைப்படுவது சாதி மாறிக் காதலிக்கிற பிள்ளைகளுக்கும், வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவனுக்கும். சாவியைப் போலீசிடம் கொடு என்கிறார்களே, எந்தப் போலீசிடம்? 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கேடிசி நகரில் ஆறுமுகமங்கலத்துத் தலித் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவனின் அப்பா, அம்மா இருவருமே காவல்துறை உதவி ஆய்வாளர்கள். ஊருக்குப் பொதுவான சாவி என்று ஒன்று இங்கே கிடையாது. எந்தச் சாவியும் ஏதோ ஒரு சாதிக்காரன் இடுப்பில்தான் தொங்கும்.

பூட்டு இருந்தால் குற்றவாளியைப் பிடிக்கவே முடியாது என்பதும் பொய். ஜெர்மனியில் குழந்தைகளை வதைக்கும் படங்களைப் பரப்பிய ‘பாய்ஸ்டவுன்’ தளத்தின் ஆள் ஒருவன் இதே ரிக்கொஷேயில்தான் பேசினான். அந்தப் போலீஸ் எல்லோர் பூட்டையும் உடைக்கவில்லை. பொறுமையாக வலையைக் கவனித்து, நீதிமன்ற உத்தரவு வாங்கி, அவன் ஒருவனைச் சுற்றி வளைத்தார்கள். அதைத்தான் விசாரணை என்பது. கொடியங்குளத்தில் 1995-இல் நம் போலீஸ் செய்ததற்குப் பேர் வேறு.

அதற்காக பென் டிரைவை வேப்பிலை மாதிரி வீட்டு வாசலில் கட்டினால் போதும் என்று சொல்ல வரவில்லை. பீமா கோரேகான் வழக்கைப் பாருங்கள். ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் நெட்வயர் என்ற வேவு மென்பொருளை நுழைத்து, கோப்புகளை வெளியிலிருந்து வைத்திருக்கிறார்கள் என்று ஆர்சனல் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2021-இல் சொன்னது. நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் கணினியிலும் அதே கதை. நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமி 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே செத்த பிறகு, 2022 டிசம்பரில், அவர் கணினியிலும் அப்படித்தான் என்று அறிக்கை வந்தது. ஆனந்த் டெல்டும்டேயின் போன் வேவு பார்க்கப்பட்டது என்று 2019-இல் வாட்ஸப் நிறுவனமே அவரிடம் சொன்னது. 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில், அவரைச் சரணடைய வைத்தார்கள். விசைப்பலகைக்கு அடியிலேயே ஒருவன் உட்கார்ந்திருந்தால் கம்பியில் போடுகிற பூட்டு என்ன செய்யும்?

நம் வண்டவாளத்தையும் பேசிவிடுவோம். தெருக்கூட்டம் முதல் வழக்கு நிதி வரை எல்லாம் வாட்ஸப் குரூப்பில். செய்திக்குப் பூட்டு உண்டு, சரி. குரூப்பில் இருக்கிற இருநூறு பேரின் நம்பரும் அப்பட்டம், ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாலும் ஒரு அடையாள அட்டை. ஒரே ஒரு தோழரின் போனைப் பிடுங்கினால் மாவட்டத்தின் முழுப் பட்டியலும் ஸ்டேஷன் மேஜைக்குப் போய்விடும். சாட்சிகளின் ஊர், தங்கியிருக்கிற வீடு எல்லாவற்றையும் ‘குட் மார்னிங்’ பூப்படத்துக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறோம். இதைச் சொன்னால் ‘நாங்க பகிரங்க அரசியல் பண்ணுதவங்க’ என்று கோபம் வருகிறது. மேடைதான் பகிரங்கம், சாட்சியின் விலாசம் எப்போது பகிரங்கமானது?

சாட்சிகள் இருக்கிற குரூப்களை இந்த வாரமே கலையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வருகிற மாணவர்கள் 8 ஜிபிக்குக் குறையாத காலி பென் டிரைவ் ஒன்று கொண்டு வாருங்கள். டெயில்ஸ் என்ற இயங்குதளத்தை அதில் போட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறது. காசு கிடையாது. அதிலிருந்து கணினியைத் தொடங்கி, வேலை முடிந்து அணைத்தால் அந்தக் கணினியில் தடம் இருக்காது. நம்பத் தகாத கணினியில் சொருகாதீர்கள், பாஸ்வேர்டை பென் டிரைவ் மேல் ஸ்டிக்கர் ஒட்டி எழுதாதீர்கள். எழுதுகிறீர்கள், பார்த்திருக்கிறேன்.