உட்காருங்கள் ஐயா!

விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டு அரை நிமிஷம் ஆகியிருக்காது. முன்னாலும் பின்னாலும் 'டக், டக்' என்று பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்கும். விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. பணிப்பெண் தன் இருக்கையில் இருந்தபடியே "தயவுசெய்து உட்காருங்கள்" என்று மைக்கில் கெஞ்சுகிறார். யார் கேட்கிறார்கள்? ஒருவர் எழுந்து மேல் தட்டைத் திறக்கிறார். அவரைப் பார்த்துப் பத்துப் பேர் எழுகிறார்கள். கதவு திறக்கவே பத்து நிமிஷம் ஆகும், அதன் பிறகு பெட்டிக்காக அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்படியிருக்க இந்த அவசரம் எதற்கு?

இளவட்டங்கள்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நம் வயதுக்காரர்கள் அதைவிட மோசம். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உள்ளே வந்ததும் எழுந்து நிற்போம். அவர் "அஸ்ஸேயே வூ" என்று சொன்ன பிறகுதான் உட்காருவோம். ஒரு வார்த்தைக்கு ஒரு வகுப்பே அடங்கியது. அந்தத் தலைமுறைதான் இன்று நான்கு மொழியில் சொன்னாலும் உட்கார மறுக்கிறது.

கேட்டால் ஆளுக்கு ஒரு சமாதானம். "நான் பாரீசுக்குப் பத்துத் தடவை போய் வந்தவன், எனக்குத் தெரியாதா?" என்பார் ஒருவர். பத்துத் தடவை ஒன்றும் நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டத்துக்குச் சான்று, பதினோராவது தடவைக்கு உத்தரவாதம் ஆகாது. "வானத்தில் நேராகத்தானே போகிறது, குலுங்கினால் அப்போது போட்டுக்கொள்கிறேன்" என்பார் இன்னொருவர். ஆபத்தானது இந்த எண்ணம்தான்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே 37,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. திடீரென்று குலுங்கியது. பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி அறையில் சொன்ன எட்டே விநாடியில் விமானம் சரிந்தது. 4.6 விநாடிகளில் 178 அடி இறக்கம் என்பது விசாரணையின் முதல் அறிக்கை. பெல்ட் போடாதவர்கள் மேலே எகிறி, மறுபடி கீழே வந்து விழுந்தார்கள். பலருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் அடி. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார். மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். எட்டு விநாடிக்குள் நம் வயதில் பெல்ட்டின் இரண்டு முனைகளையும் தேடி எடுத்து மாட்ட முடியுமா? போர்வைக்குள் கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும்.

விமானி முன்கூட்டியே சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். விமானத்து ராடார் மேகத்தில் உள்ள நீர்த்துளிகளைத்தான் காட்டும். மேகமே இல்லாத தெளிந்த வானில் வருகிற காற்றுச் சுழற்சி அதில் தெரியாது. 1997 டிசம்பர் 28 அன்று டோக்கியோவிலிருந்து ஹொனலூலு சென்ற யுனைடெட் விமானம் கடலுக்கு மேலே இப்படித்தான் அகப்பட்டது. பெல்ட் போடாத பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். நம் நாட்டிலும் 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் சென்ற விமானம் இறங்கும்போது குலுங்கிப் பலர் காயமடைந்தார்கள். அவர்களில் ஒருவர் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார்.

பெல்ட் என்ன செய்யும் என்பதற்கு 1988 ஏப்ரல் 28 ஒரு சாட்சி. ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் விமானம் 24,000 அடியில் பறக்கையில் முன்பகுதிக் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. திறந்த வானத்தின் கீழ் உட்கார்ந்திருந்த 89 பயணிகளும் உயிரோடு இறங்கினார்கள். எல்லாரும் பெல்ட் போட்டிருந்தார்கள். இறந்தவர் ஒரே ஒருவர், நின்றபடி வேலை செய்துகொண்டிருந்த பணிப்பெண். நாம் கேலியாகப் பார்க்கிற அந்த இரண்டு விரற்கடை நாடாவின் வேலை இது.

"என் உயிர், என் இஷ்டம்" என்று சொல்லவும் ஆட்கள் உண்டு. இல்லை ஐயா. எண்பது கிலோ உடம்பு கூரை வரை எகிறிவிட்டுத் திரும்பி வரும்போது தன் இருக்கையைத் தேடி வந்து உட்காராது. பக்கத்தில் பெல்ட் போட்டுத் தூங்கும் பிள்ளைத்தாய்ச்சியின் மேல் விழும். ஓடும் விமானத்தில் பிரேக் போட்டால், நீங்கள் மேலிருந்து இழுத்த பெட்டி முன் சீட்டுக் கிழவர் மண்டையில் இறங்கும். நம் வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் அப்புறம் எழுந்து நடப்பதே பெரும்பாடு.

பாதுகாப்புச் செய்முறை காட்டும்போது பேப்பர் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்தால் படிக்காமலே 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளுவோம் அல்லவா, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. கார் பெல்ட்டைக் கழற்றப் பொத்தானை அழுத்த வேண்டும். விமான பெல்ட்டில் மூடியைத் தூக்க வேண்டும். புகை மண்டும்போது பதற்றத்தில் இல்லாத பொத்தானை விரல் தேடினால் என்ன ஆகும்?

2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. அந்த நேரத்திலும் மேல் தட்டைத் திறந்து பெட்டி எடுத்தவர்களைக் காணொளியில் உலகமே பார்த்தது. பயணிகள் அனைவரும் பிழைத்தார்கள்; தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் சாமான்களை விட்டுவிட்டு வெளியேறி உயிர் தப்பினார்கள். சொன்ன பேச்சைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

விமான நிறுவனங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்தில் நிறைய பாட்டிமார்கள் இருப்பார்கள், மகளின் பிரசவத்துக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்தியும் வேகமான இங்கிலீஷும் எதற்கு? சில பைலட்டுகள் தமிழில் பேசுகிறார்கள், வாழ்க. எல்லா விமானத்திலும் நிதானமாகத் தமிழில் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். விளக்கை அணைக்காமல் மணிக்கணக்கில் எரிய விடுவதும் தவறு. எப்போதும் எரிகிற விளக்கை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஆனால் அது நமக்குச் சாக்கு ஆகாது. சர்க்கரை நோய்க்காரர்கள் அடிக்கடி எழ வேண்டியிருக்கும், தெரியும். நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். விளக்கு அணைந்திருக்கும்போது போய் வந்து, உட்கார்ந்ததும் மாட்டிக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்தால் எழுந்து போக அனுமதி என்றுதான் பொருள். உட்கார்ந்திருக்கும்போது கழற்று என்று பொருள் இல்லை. பெல்ட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பு எலும்பின் மேல் தாழ்வாக இறுக்குங்கள். இரவில் போர்வைக்கு மேலே தெரியும்படி மாட்டினால் எழுப்ப மாட்டார்கள். மடிக் குழந்தையை உங்கள் பெல்ட்டுக்குள் சேர்த்துக் கட்டாதீர்கள். உங்கள் உடம்பின் பாரம் முழுவதும் அதன்மேல் இறங்கும். குழந்தைக்கென்று இருக்கிற தனி பெல்ட்டைக் கேளுங்கள்.

அடுத்த மாதம் பேரப்பிள்ளையைப் பார்க்கப் பாரீசுக்குக் கிளம்புகிற நண்பர்கள் இதைப் படிப்பீர்கள். விமானம் முழுதாக நின்று, விளக்கு அணைந்த பிறகு எழுந்திருங்கள். பக்கத்தில் ஒருவர் முந்திக்கொண்டு எழுந்தால் சங்கோஜப்படாமல் "உட்காருங்கள் ஐயா" என்று சொல்லுங்கள். பணிப்பெண் சொன்னால் கேட்காதவர், தன் வயதுக்காரர் சொன்னால் வெட்கத்துக்காவது கேட்பார்.