அமெரிக்க ஆட்சிமுறையும் அரசியற் கட்சிகளும்

எமது கல்லூரியிலே குடியியற் பாடங் கேட்ட நாட்களில், ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிமுறையைக் கரும்பலகையில் மூன்று பெட்டிகளாக வரைந்து காட்டுவர். ஒன்றிலே சட்டமியற்றும் காங்கிரஸ். மற்றொன்றிலே ஆட்சி நடத்தும் ஜனாதிபதி. மூன்றாவதிலே நீதி வழங்கும் உயர் நீதிமன்றம். இவை ஒன்றையொன்று தடுத்துந் தாங்கியும் நிற்பதைக் காட்டுதற்கு இடையிடையே அம்புக்குறிகள் இழுக்கப்படும். அப்படத்தை அப்படியே விடைத்தாளில் வரைந்து சோதனையிற் புள்ளியும் பெற்றோம். அம்மூன்று பெட்டிகளுள் ஒன்றிலேனும் அரசியற் கட்சிகளுக்கு இடமிருக்கவில்லை. அது ஏன் என்று நாம் அன்று கேட்கவுமில்லை. காலந் தாழ்ந்ததாயினும் அக்கேள்வியை இவ்விழா மலரின் பக்கங்களிலே எழுப்ப விரும்புகின்றோம்.

படத்திற் கட்சிகள் இல்லாமைக்கு எமது ஆசிரியரைக் குறை கூறுதல் தகாது. 1787ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரிற் கூடி அரசியல் யாப்பை வகுத்தோர் அரசியற் கட்சிகளைப் பற்றி ஒரு வாக்கியமேனும் அதில் எழுதினாரல்லர். கட்சி என்பது யாதென அவர்கள் அறிந்தேயிருந்தனர். அதனை நாட்டைப் பீடிக்கும் ஒரு நோயென்றே கருதினர். முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1796இற் பதவி நீங்கும்போது வெளியிட்ட பிரியாவிடை மடலிலே கட்சி மனப்பான்மையின் தீமையை விரித்துரைத்து மக்களை எச்சரித்தார். ஆயின், அவருடைய மந்திராலோசனைச் சபையில் இருந்த ஹமில்ற்றனும் ஜெபர்சனுமே அந்நாட்டின் முதலிரு கட்சிகளுக்குத் தலைவராயினர் என்பது வரலாற்றின் குறும்பு.

யாப்பின் கணிப்பைக் கட்சிகள் எவ்வளவு விரைவிற் குலைத்தன என்பதற்கு 1800ஆம் ஆண்டுத் தேர்தலே சான்று. ஜனாதிபதியைத் தெரியும் வாக்காளர் குழுவினர் ஒவ்வொருவரும் இருவருக்கு வாக்களிக்க வேண்டும். அதிக வாக்குப் பெற்றவர் ஜனாதிபதி, அடுத்தவர் உபஜனாதிபதி. நாட்டின் மிகச் சிறந்த இருவரும் இவ்வாறு பதவிக்கு வந்துவிடுவர் என்பது யாப்பு வகுத்தோரின் எண்ணம். ஜெபர்சனின் கட்சியைச் சேர்ந்த வாக்காளர்களோ, கட்சிக் கட்டுப்பாட்டிற்கமைய, தம் தலைவருக்கும் அவருடைய துணை அபேட்சகரான ஆரன் பேருக்கும் தப்பாது வாக்களித்தனர். இருவருக்கும் 73 வாக்குகள்! வழக்குப் பிரதிநிதிகள் சபைக்குச் சென்று, அங்கே முப்பத்தாறாவது முறை வாக்கெடுத்த பின்னரே ஜெபர்சன் தெரிவானார். 1804இல் நிறைவேறிய பன்னிரண்டாந் திருத்தம் இவ்விரு பதவிகளுக்கும் வெவ்வேறாக வாக்களிக்க வழி செய்தது. கட்சியின் பெயரைச் சொல்லாமலே கட்சிக்காக யாப்புத் திருத்தப்பட்டது எனலாம்.

கட்டடத்தின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். மாநிலங்கள் ஐம்பது. மத்திக்கென யாப்பு வரையறுத்துக் கொடுத்த அதிகாரங்கள் போக, எஞ்சியவை மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன. பிரதிநிதிகள் சபையின் 435 அங்கத்தவர் குடித்தொகைக்கேற்ப ஈராண்டுக்கொருமுறை தெரிவாகின்றனர். செனற் சபையிலே ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருவர், பதவிக்காலம் ஆறாண்டு, ஈராண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கினர் தேர்தலைச் சந்திப்பர். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 3 கோடியே 95 இலட்சம் மக்களைக் கொண்ட கலிபோர்னியாவுக்கும் இருவர்; 5 இலட்சத்து 77 ஆயிரம் மக்களைக் கொண்ட வையோமிங்குக்கும் இருவர். ஜனாதிபதியைத் தெரிவோர் 538 பேர். அவருள் 270 பேரின் ஆதரவு பெற்றவர் வெல்வார். நாடு முழுவதிலும் குறைந்த வாக்குப் பெற்றவர் ஜனாதிபதியான விந்தை 1824, 1876, 1888, 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்துள்ளது.

இவ்வாறு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில், வெவ்வேறு மக்கட் கூட்டத்தினால் தெரிவாகும் மூன்று பிரிவினர் ஒருமித்தாலன்றி அங்கே ஒரு சட்டமும் பிறவாது. ஜனாதிபதி மறுத்த மசோதாவை இரு சபைகளும் மூன்றிலிரண்டு பங்கு வாக்கினால் மீட்கலாமாயினும் அஃது அரிதிலும் அரிது. பாராளுமன்ற முறைக்குப் பழகிய எமக்கு இங்கேதான் ஒரு மயக்கம் ஏற்படுகின்றது. இலங்கையில் 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கினால் அரசாங்கம் தோற்றது, பாராளுமன்றங் கலைந்தது, 1965 மார்ச்சில் மக்கள் தீர்ப்பளித்தனர். முட்டுப்பாடு ஏற்படின் மக்களிடஞ் சென்று தீர்வு காண அம்முறையில் ஒரு கதவு உண்டு. அமெரிக்காவிலோ அக்கதவே இல்லை. காங்கிரஸை ஜனாதிபதி கலைக்க முடியாது. நம்பிக்கையில்லை என்று கூறி ஜனாதிபதியைக் காங்கிரஸ் அகற்றவும் முடியாது. குறித்த நாள் வரும்வரை ஒரே வீட்டிற் பேசாதிருக்கும் கணவன் மனைவி போல இருந்தே தீரவேண்டும்.

அங்ஙனமாயின் அவ்வாட்சி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எவ்வாறு நடந்தது? கட்சிகள் தளர்ந்த கட்டுடையனவாக இருந்தமையினாலேயே பெரும்பாலும் நடந்தது என்பது எமது கருத்து. அமெரிக்கக் கட்சி எம்மவர் அறிந்த கட்சியைப் போன்றதன்று. சந்தா கட்டி அங்கத்துவ அட்டை பெறுவாருமில்லை. இன்னாருக்குத் தொகுதி இல்லை என்று மறுக்கும் தலைமைப்பீடமுமில்லை. அபேட்சகரைக் கட்சித் தலைவர்கள் நியமிப்பதில்லை. முதனிலைத் தேர்தலில் அவ்வப் பகுதியின் வாக்காளரே தெரிவு செய்கின்றனர். ஜனாதிபதி அபேட்சகரையும் இவ்வாறே பெரும்பாலும் தெரிவது 1968ஆம் ஆண்டுச் சிக்காக்கோ மகாநாட்டிற் கிளம்பிய கலகத்தின் பின்னர் வலுப்பெற்ற வழக்கம். ஆதலின், முன்னாளிலே ஒரு கட்சியினுள்ளேயே பல கட்சிகள் இருந்தன. தெற்கே நிறவேற்றுமையை ஆதரித்த நிலவுடைமையாளரும், வடக்கே தொழிற்சங்கத்தாரும் ஒரே ஜனநாயகக் கட்சியிலே அமர்ந்திருந்தனர். குடியரசுக் கட்சியிலும் நியூ யோர்க்கின் முற்போக்காளர் ஒருபுறம், மேற்கின் பழைமைவாதிகள் ஒருபுறம். ஜனாதிபதி எக்கட்சியினராயினும், மற்றைக் கட்சியிலே தமக்குத் துணைவருவார் சிலரைத் தேடிக்கொள்ள முடிந்தது.

இத்தளர்ச்சியை வாழ்த்திப் பாடி நாம் நிறுத்திவிடின் அது நேர்மையாகாது. இதே தளர்ச்சிதான் கறுப்பின மக்களை நெடுங்காலம் வஞ்சித்தது. சட்டத்துக்குப் புறம்பாகக் கும்பலாகக் கூடி மனிதரைக் கொல்லுவதைத் தடுக்கும் மசோதாவொன்றைப் பிரதிநிதிகள் சபை 1922இல் நிறைவேற்றியது. செனற் சபையிலே தென்மாநிலத்தார் இடைவிடாது பேசியே அதனை மாளச் செய்தனர். அத்தகையதொரு சட்டம் நாட்டின் ஏட்டிலேறியது 2022இல், சரியாக நூறாண்டு.

இவ்விடத்திற் 'சமஷ்டி' என்னுஞ் சொல்லைக் குறித்தும் ஒன்று கூற வேண்டும். எம்மவருள் அச்சொல்லைக் கேட்டவுடன் உள்ளங் குளிர்வாருமுளர். நாட்டில் வேறு சிலர் அதனைக் கேட்டு அஞ்சுவதுமுண்டு. உலகின் புகழ்பெற்ற சமஷ்டியிலே சிறுபான்மையோர் பட்ட பாட்டை இரு சாராரும் படித்தல் நன்று. 1957ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆர்க்கன்சோ மாநிலத்தின் லிற்றில் றொக் நகரிலே ஒன்பது கறுப்பின மாணவர் ஓர் உயர்தரப் பாடசாலைக்குட் புக முயன்றனர். மாநில ஆளுநர் போபஸ் படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். அதற்கு அவர் மாநில உரிமையைக் காரணங் காட்டினார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் மத்தியின் சேனையை அனுப்பி அம்மாணவரை வகுப்பறைக்குள் இட்டுச் சென்றார். அடுத்த ஆண்டு ஆளுநர் அந்நகரின் உயர்தரப் பாடசாலைகளையே மூடிவிட்டார்! செனற் சபையின் சமத்துவம் சிறு மாநிலத்துக்குக் காவலாயிற்றேயன்றி, மாநிலத்துள் வாழ்ந்த சிறுபான்மையினருக்குக் காவலாகவில்லை. அதிகாரத்தைப் பங்கிடுவதோடு, பங்கு பெற்றவரின் கையிற் சிக்குண்டோருக்கு யார் காவல் என்ற வினாவுக்கும் விடை வேண்டும். சமஷ்டியை வேண்டுவோர் இவ்வினாவைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. விடையோடு வருவாராயின் அவர் வழக்கு வலுக்கும்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 1960களின் பின்னர்த் தென்மாநிலத்து வெள்ளையர் சிறிது சிறிதாகக் குடியரசுக் கட்சிக்குச் சென்றனர். வடக்கின் முற்போக்காளர் அக்கட்சியை விட்டு நீங்கினர். கலந்திருந்த நெல்லும் பதரும் பிரிந்தாற்போல என்று சொல்ல நினைத்தோம். எது நெல், எது பதர் என்ற சச்சரவில் அகப்பட விரும்பாது அவ்வுவமையைக் கைவிடுகின்றோம். இரு கட்சிகளும் கொள்கையால் இறுகின என்பதே போதும். 1950இல் அமெரிக்க அரசியல் விஞ்ஞானச் சங்கத்தின் குழுவொன்று, கட்சிகள் தெளிந்த கொள்கையும் கட்டுக்கோப்பும் உடையனவாதல் வேண்டுமென அறிக்கை விடுத்தது. வாக்காளன் தான் எதற்கு வாக்களிக்கின்றான் என்பதை அறியவேண்டும் என்ற அவர்களின் நியாயம் புறக்கணிக்கத் தக்கதன்று. அறிஞர் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தபின் அதனை மெச்சுவார் தொகை பெரிதாகத் தோன்றவில்லை.

எவ்வகையிலெனின், ஜனாதிபதி மீது குற்றஞ்சாட்டி விசாரிக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 1868இல் அன்ட்ரூ ஜோன்சன் ஒரே வாக்கினால் தப்பியபோது, எதிரணியாயிருந்த குடியரசுக் கட்சியினர் எழுவர் தம் கட்சியை மீறி அவரை விடுவித்தனர். 1974 ஆகஸ்டிற் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர், ஸ்கொற், ரோட்ஸ் ஆகிய மூவர் தம் கட்சி ஜனாதிபதியாகிய நிக்ஸனிடஞ் சென்று, காங்கிரஸிலே அவருக்கு ஆதரவு அற்றுப்போனதை நேரிற் கூறினர். அவர் பதவி துறந்தார். 1999இல் கிளின்டன் விசாரணையிலோ ஜனநாயகக் கட்சிச் செனற்றர் ஒருவரேனும் அவரைக் குற்றவாளியெனக் கூறவில்லை. 2020இல் ட்ரம்ப் விசாரணையில் அவர் கட்சியிலிருந்து ஒருவரே பிரிந்து வாக்களித்தார், 2021இல் எழுவர். அம்முறை 57 பேர் குற்றவாளியென்றும் 43 பேர் அல்லரென்றும் வாக்களித்தனர், வேண்டியிருந்தவை 67. தீர்ப்புகள் சரியோ பிழையோ என்று நாம் ஈண்டு வாதிடவில்லை. நீதிபதியாய் அமர்வோர் இன்ன பக்கந்தான் வாக்களிப்பர் என்பதைச் சாட்சியங் கேட்கு முன்னரே கணக்கிட்டுக் கூற முடியுமாயின், மூன்றாம் பெட்டியும் முதற் பெட்டியும் வரைந்து பயன் யாது?

பணமசோதாக்களின் நிலையும் அதுவே. இரு கட்சிகளும் இணங்காமையால் மத்திய அரசாங்கத்தின் கந்தோர்கள் பல 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாட்களும், 2025இல் 43 நாட்களும் மூடிக்கிடந்தன. பாராளுமன்ற நாட்டில் இவ்வாறு நேரின் அரசாங்கம் விழும். அங்கே அரசாங்கம் விழவில்லை. ஊழியரின் சம்பளமே நின்றது. இறுகிய கட்சி பாராளுமன்றத்துக்குப் பொருந்தும்; கலைக்கும் வழியில்லாத ஆட்சிக்கு அது சங்கிலியாகிவிடும். யாப்பை மட்டும் பெயர்த்தெடுத்துத் தம் நாட்டில் நட முயல்வோர், எத்தகைய கட்சிகள் அதனை நடத்தப் போகின்றன என்பதையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

அமெரிக்க அரசியலிலே ஒரு நாளை மட்டுந் தெரிந்து படிக்கச் சொல்லுமாறு மாணவர் எவரேனும் எம்மைக் கேட்பாராயின், 1964ஆம் ஆண்டு ஜூன் 10ஆந் திகதியைச் சொல்வோம். குடியியலுரிமை மசோதாவைப் பேசியே கொல்லும் முயற்சி மார்ச்சு மாதந் தொடங்கி நடந்து வந்தது. அன்று விடியும்வரை செனற்றர் பேர்ட் பதினான்கு மணி நேரத்துக்கு மேலாகப் பேசி முடித்திருந்தார். விவாதத்தை நிறுத்த 67 வாக்குகள் வேண்டும். ஜனாதிபதி ஜோன்சனின் சொந்தக் கட்சியிலேயே 23 பேர் எதிர்த்து நின்றனர். எதிர்க்கட்சித் தலைவர் டேர்க்சன் தம் கட்சியினர் 27 பேரைக் கொண்டுவந்து சேர்த்தார். ஜனநாயகக் கட்சியினர் 44 பேருடன் அது 71 ஆயிற்று. அந்த 44 பேருள் ஒருவர் கலிபோர்னியாவின் கிளேயர் எங்கிள். மூளையிற் கட்டியினால் வருந்தி, பேச்சிழந்து, சக்கர நாற்காலியிற் கொண்டுவரப்பட்டிருந்தார். அவர் பெயர் அழைக்கப்பட்டபோது வாய் திறக்க முயன்றும் சொல் எழவில்லை. ஆங்கிலத்தில் 'ஆம்' என்னும் வாக்குக்கும் கண்ணுக்கும் ஒலி ஒன்றே. மெல்லக் கையை உயர்த்தித் தம் கண்ணைச் சுட்டிக் காட்டினார். எழுதுவினைஞர் அதனை ஆம் என்று பதிந்தார். ஜூலை மாத முடிவில் எங்கிள் இறந்தார். அதற்கு முன்னரே, அம்மாதம் 2ஆந் திகதி, மசோதா சட்டமாகிவிட்டது.