சாரணர் அணியில் யாருக்கு இடம்?

இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909இல் பெங்களூருவில் காலூன்றியது. ஆயினும், ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களே அதில் சேர முடிந்தது. இம்மண்ணின் பிள்ளைகளுக்கு இடமில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜி. எஸ். அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினர். தொப்பிக்கு மாற்றாகத் தலைப்பாகை அணிந்து, இந்தியப் பாடல்களைப் பாடி அச்சிறுவர்கள் அணிவகுத்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அச்சங்கம் பொது இயக்கத்துடன் இணைந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1950 நவம்பர் 7இல் பாரத சாரணர் அமைப்பு உருவாயிற்று. மறு ஆண்டு சாரணியரும் அதில் இணைந்தனர்.

நிறத்தால் அடைபட்டிருந்த கதவு அவ்வாறு திறந்தது. இன்று அதனைச் சாத்துவது வறுமை. தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பகுதிகளுக்குக் கட்டட வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகளை எந்த விதியும் தடுக்கவில்லை. சீருடை, கழுத்துத்துணி, காலணி, முகாமுக்குச் சென்றுவரும் செலவு ஆகியவையே தடுக்கின்றன. பெற்றோர் வேலைக்குச் சென்ற விடுமுறை நாளில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் சிறுமி பயிற்சிக்கு எவ்வாறு வருவாள்? விருப்பமுள்ளோர் பெயர் கொடுக்கலாம் என்னும் அறிவிப்பு நடுநிலையானதுபோல் தோன்றினும், வசதியுள்ளோரையே அது அழைக்கிறது. சீருடை ஏற்றத்தாழ்வை மறைக்கும் என்பர். உண்மைதான், அதனை வாங்க இயன்றவர்களுக்கிடையே மறைக்கும்.

இதனால் நேரும் இழப்பு அப்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. தடம் பார்த்து அறிதல் சாரணர் பயிற்சியின் உயிரான பகுதி. அக்கலையில் தேர்ந்தவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரையும் மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்காக அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2017இல் வரவழைத்தது. 2023இல் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். புத்தகத்தைப் பார்த்துத் தடம் கற்கும் அணியில், அதனைத் தந்தையுடன் நடந்தே கற்ற இருளர் சிறுவன் இல்லாதது விந்தை அன்றோ?

பதினோராம் வகுப்பு மாணவருக்கு மிதிவண்டியை விலையின்றி வழங்கும் மாநிலம் இது. சாரணர் சீருடைகளைப் பள்ளியிலேயே வைத்திருந்து, விளையாட்டுப் பொருள்களைப்போல் மாணவர்க்கு வழங்கித் திரும்பப் பெறலாம். வாரப் பயிற்சியைப் பள்ளி நேரத்திற்குள் கொண்டுவந்தால், தம்பியைக் காக்கும் அக்காளும் வந்துவிடுவாள். முகாம் செலவுக்கு மட்டும் முன்னாள் மாணவர்களையும் ஊர்ப் பெரியோரையும் நாட வேண்டியிருக்கும்.